பின்னால் நடக்காத மாடு

மாடு வாங்கப் போகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் சுழி பார்ப்பார்கள். நெற்றியில் எத்தனை சுழி, முதுகில் எந்த இடத்தில் சுழி என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள், வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள், கொம்பைத் தட்டிப் பார்ப்பார்கள். இந்த மாடு பின்னால் நடக்குமா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு கோடை முழுக்க மாட்டுக்குப் பதிலாக நடந்தேன்.

எங்கள் தோட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகிற வண்டிப்பாதையின் ஓரத்தில் இருந்தது. ரயில் எங்கள் பக்கம் வராத காலம். கண்மாய்க்குக் கீழே துண்டு வயல் ஒன்று, மேட்டில் ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டம், அவ்வளவுதான் எங்கள் சொத்து. கிணற்றில் கமலை கட்டித் தண்ணீர் இறைப்போம்.

கமலை பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிணற்றின் மேலே உருளை. உருளையில் ஓடும் வடத்தின் ஒரு நுனியில் தோல் கூனை, மறு நுனி மாடுகளின் நுகத்தடியில். கிணற்றடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். ஜோடி மாடும் சரிவில் இறங்கினால் கூனை தண்ணீரோடு மேலே வந்து தொட்டியில் கொட்டும். கொட்டியதும் மாடுகள் திரும்பக் கூடாது. இறங்கின சரிவிலேயே பின்னங்காலை எடுத்து வைத்து, கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே மேலே ஏற வேண்டும். அப்போது கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். இப்படியே காலையிலிருந்து உச்சிவரைக்கும் இறங்குவதும் ஏறுவதும். இந்தக் கமலை ஒழிந்து இன்ஜின் வந்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. வருத்தப்படுகிறவர்கள் அதை இறைத்துப் பார்க்காதவர்கள்.

அந்த வருஷம் ஐப்பசியும் ஏமாற்றியது, கார்த்திகையும் ஏமாற்றியது. மேற்கே மலைமேல் மேகம் கூடும், ஊரே அண்ணாந்து பார்க்கும், அது பாட்டுக்குக் கலைந்துபோகும். கண்மாய் நிறையவில்லை, வயல் தரிசாகக் கிடந்தது. கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. கையிலிருந்த விதை அவ்வளவையும் நாற்றாக்கி மாசி பிறந்ததும் தோட்டத்தில் மிளகாய் நட்டோம். நட்ட ஒரு வாரத்தில் வலத்து மாடு வயிறு உப்பி ஒரே பகலில் செத்துப்போனது.

அதே வாரத்தில்தான் கங்காணி வந்தான். கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவன். மகாராஜபுரத்தில் இரண்டு பேர், புதுப்பட்டியில் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வாசலில் நின்று வெற்றிலைத் தட்டை நீட்டினான். என் வீட்டுக்காரர் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டால் ஒப்புக்கொண்ட மாதிரி.

"சித்திரை பாதியில வாரேன். சாத்தூரு போயி ரயிலேறி, தூத்துக்குடியில கப்பலு. ரெடியா இரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் சண்டை பிடித்தேன். வெற்றிலையைத் துப்புங்கள் என்றேன். அவர் மென்றுகொண்டே சொன்னார்: "மொளகா காச்சுதுன்னா நான் ஏன் போறேன்? காயலேன்னா இங்க இருந்து என்னத்தத் திங்க? ஒன்ன ஒங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டுப் போறேன். ரெண்டு வருசம்."

எங்கள் ஊரிலிருந்து முன்னே போன மூன்று பேரில் ஒருவன் காய்ச்சலோடு திரும்பி வந்து ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தான். மற்ற இரண்டு பேரைப் பற்றி ஒரு சேதியும் கிடையாது. எனக்குப் பயம். இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை, கோபத்தைத்தான் காட்டினேன். காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி அவர் மடியில் எறிந்து, "போயி மாடு புடிச்சிட்டு வாங்க. மொளகா காய்க்குதா காய்க்கலையான்னு பொறவு பாப்போம்" என்றேன்.

ராஜபாளையம் சந்தைக்குப் போய் மறுநாள் மாட்டோடு வந்தார். மாடு என்றால் அப்படி ஒரு மாடு. மயிலைக் காளை, உடம்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செக்குக்காரர் ஒருவர் சந்தைக்குக் கொண்டுவந்த மாடாம். "பிண்ணாக்கு தின்னு வளந்த மாடுட்டி! ஒரு கெட்ட சுழி கெடையாது, பாத்துக்கோ" என்று அவர் பெருமைப்பட்டார். செக்கு மாடு என்று தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார். தெரிந்து வாங்கியதில் அவருக்குத் தெரிந்தது பிண்ணாக்கு மட்டும்தான்.

முதலில் தோட்டத்து ஓரத்தில் வெறுமனே கிடந்த துண்டில் ஏர் பூட்டிப் பார்த்தார். நேராகப் போக வேண்டிய சால் போகப்போக இடது பக்கம் வளைந்தது. பழைய மாடு நேரே இழுக்க, புது மாடு வளைந்து இழுக்க, அரை வட்டம் அடித்து ஏர் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "புது எடம், பழகிரும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்தது கமலை. கீழே இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. கூனை மேலே வந்து தளதளவென்று கொட்டியது. பிறகு பின்னால் வரச் சொல்லிக் கயிற்றை இழுத்தார். பழைய மாடு பின்னங்காலை எடுத்து வைத்தது. புது மாடு கல்லாக நின்றது. தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், நெஞ்சில் கைகொடுத்துத் தள்ளிப் பார்த்தார். சாட்டையால் இரண்டு அடி போட்டதும் அது இடது பக்கம் திரும்பி, வடத்தைக் காலில் சுற்றிக்கொண்டு, பழைய மாட்டையும் சேர்த்துக் கீழே தள்ளப் பார்த்தது. மூன்று நாள் இதே கூத்து. மூன்று நாளில் முப்பது கூனை தண்ணீர் வந்திருந்தால் அதிகம். மிளகாய் நாற்று மத்தியானத்தில் தலை தொங்கி, சாயங்காலத்தில் பாதிதான் நிமிர்ந்தது.

நாலாம் நாள் விடிந்ததும் நானே கிளம்பிவிட்டேன். அவருக்கு வெட்கம், பின்னாலேயே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் செக்கு ஆடுகிற தெருவுக்குள் நுழைந்தாலே எண்ணெய் வாடை வழி சொல்லும். செக்குக்காரர் வாசலில் எள்ளுக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வயசான, சாதுவான மனுஷன். நான் வாயைத் திறந்ததும் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.

"நல்லா இருக்கா ஒங்க நியாயம்? பின்னால ஒரு எட்டு வைக்கத் தெரியாத மாட்ட எங்க தலையில கட்டிட்டிய!"

அவர் கோபப்படவில்லை. "பின்னால நடக்கணும்னு யாரு தாயி சொன்னா? ஒங்க வீட்டுக்காரரு சுழியக் கேட்டாரு, பல்லக் கேட்டாரு. கமலைக்குன்னு சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா வேண்டாம்னுருப்பேன். கன்னுக்குட்டியில இருந்து செக்குல சுத்துன மாடு தாயி அது. அதுக்கு முன்னால போகத்தான் தெரியும். ஒரு பக்கம் வளஞ்சு, புறப்பட்ட எடத்துக்கு வந்து சேரும். பொழுதன்னைக்கும் சுத்தச் சொல்லுங்க, சலிக்காது."

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த மாடு சுற்றின செக்கையே மூடிவிட்டேன், மாட்டுக்கு வேலை இல்லை என்றார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், அரை மூட்டை வேப்பம் பிண்ணாக்கைத் தூக்கிவந்து என் வீட்டுக்காரர் தோளில் வைத்தார். "மண்ணுக்குப் போடுங்க. என்னால ஏண்டது இம்புட்டுத்தான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் சண்டை பிடிக்க எனக்கே மனசு வரவில்லை.

திரும்பி நடக்கிறோம். அந்த மனுஷன் சொன்னது மட்டும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வளைந்து புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும். வந்து சேரட்டுமே! கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்று அவரைக் கேட்டேன்:

"சரிவுக்குக் கீழ வடத்தக் கழத்தி விட்டுட்டா, மாடு இடது பக்கமா சுத்தி மேட்டுக்கு ஏறி வந்துராதா?"

"வந்துரும். கூனைய யாரு எறக்குவா? வடத்த விட்டா கிணத்துக்குள்ள தொபுக்கடீர்னு விழுந்து கிழிஞ்சுல்லா போகும்."

"நான் புடிச்சு எறக்குதேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டு, "வடம் ஒன்னையும் சேத்துக் கிணத்துக்குள்ள எறக்கிரும்டி" என்றார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்தார்.

சரிவின் அடியிலிருந்து இடது பக்கமாக மேட்டுக்கு ஏறுகிற பாதை ஒன்றை ஒன்றரை நாளில் வெட்டினோம். வடத்து நுனியில் ஒரு வளையம் முடைந்து, அதை நுகத்தடியோடு ஒரு மரக்குச்சியால் மாட்டினார். குச்சியை உருவினால் வடம் கழன்றுவிடும். மாடுகள் இறங்கின. கூனை கொட்டியது. நான் வடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிணற்றைப் பார்த்து நின்றேன். அவர் குச்சியை உருவினார்.

தோல் கூனைக்கும் நனைந்த வடத்துக்கும் அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வடம் என்னைச் சரிவில் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு ஓடியது. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. பாதியில் விட்டேன். நல்ல வேளை, கூனை கிழியவில்லை. நான் கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருக்க, இங்கே புது மாடு என்ன செய்தது தெரியுமா? பழைய மாட்டையும் இழுத்துக்கொண்டு, ஒருவரும் விரட்டாமலே இடது பக்கம் வளைந்து, புதுப் பாதையில் ஏறி, மேட்டில் புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது. தலையை ஆட்டியது. கை எரிச்சலோடு நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அந்த மாசியில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு மூன்று தடவை இழுபட்ட பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கிணற்றைப் பார்த்து நின்றால் வடம் நம்மை இழுக்கும். முதுகைக் காட்டி நின்றால் நாம் வடத்தை இழுத்துப் பிடிக்கலாம். வளையத்தைப் பெரிதாக முடைந்து, அதற்குள் நுழைந்து, முன்பக்கம் ஒரு கட்டையைச் சொருகி, அதை அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் குறுக்காகக் கொடுத்து, முன்பக்கம் சாய்ந்துகொண்டு, ஒவ்வோர் எட்டாகப் பின்னால் வைத்து ஏறினேன். கூனை பதமாக இறங்கியது. கமலை மாடு எப்படி நடக்குமோ அதே நடை. மாட்டுக்குத் தெரியாததை நான் கற்றுக்கொண்டேன்.

பாதையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். வாழைத்தார் ஏற்றிவந்த ஒருத்தன், "ஏட்டி, மாட்டுக்குப் பதிலா ஒன்னையே பூட்டிட்டானா?" என்று கத்தினான். "ஆமா, எனக்குச் சுழி சுத்தமா இருந்துச்சாம்" என்று திருப்பிக் கத்தினேன். அவன் மாட்டை விரட்டிக்கொண்டு போய்விட்டான்.

தண்ணீர் வந்தது. ஆனால் பாதித் தண்ணீர்தான் வந்தது. மாடு சுற்றி வருவதற்கும் நான் ஏறுவதற்கும் நேரம் பிடிக்கிறது. இடையில் பாத்திக்குப் பாத்தி மடை மாற்றவும் நான்தான் ஓட வேண்டும். முழுத் தோட்டமும் நனைய நாலு நாள் ஆக வேண்டியது எட்டு நாள் ஆனது. பங்குனி வெயில் எட்டு நாள் பொறுக்குமா? கடைசிப் பாத்திக்குப் போவதற்குள் முதல் பாத்தி வெடித்துக் கிடந்தது.

"கீழ்ப்பாதிய விட்ருவோம். மேல்பாதியாவது பொழைக்கட்டும்" என்றார்.

"பாதி மொளகாய்க்கு நீங்க பாதி கண்டிக்குப் போவியளோ?" என்று கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அன்றைக்குத்தான் கவனித்தேன்: வீட்டுச் சுவரில் ஆணியில் ஒரு துணி மூட்டை தொங்கியது. புது வேட்டி, ஒரு துண்டு, ஒரு செம்பு. பயணத்துக்குக் கட்டியாகிவிட்டது.

வயலுக்கு உரமாக மிதிக்க என்று தரிசிலிருந்து நான் அறுத்துவந்த கொழிஞ்சித் தழை நாலு கட்டு, கண்மாய் நிறையாததால் வேலையில்லாமல் தோட்டத்து மூலையில் ஒரு பாத்திமேல் கிடந்தது. மூட்டையைப் பார்த்த கோபத்தில், மூலையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று அந்தத் தழையை வாரி எறியப் போனேன். கைக்குள் சில்லென்றது. தழைக்கு அடியில் மண் ஈரம். தண்ணீர் பாய்ந்து ஆறு நாள் ஆன பாத்தி அது! தழைக்கு நடுவில் நுழைந்து நின்ற ஏழெட்டுச் செடியும் உச்சி வெயிலில் தலை நிமிர்ந்து நின்றன. பக்கத்துச் செடியெல்லாம் துவண்டு கிடந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அந்த ஈர மண்ணைக் கையில் பிடித்துப் பிடித்து விட்டேன்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். பிறகு வெள்ளாமை செய்கிற சம்சாரிக்கே உள்ள பயத்தைச் சொன்னார்: "தழைய மேல போட்டா கறையான் புடிக்கும். செடிய அடியோட தின்னுரும்."

"அதுக்குத்தான அரை மூட்ட வேப்பம் பிண்ணாக்கு ஒங்க தோள்ல வந்துச்சு" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். மறுநாளே வேலை தொடங்கியது. தண்ணீர் பாய்ந்து மண் பொருக்குத் தட்டுவதற்கு முன்னால் அவர் களைக்கொத்தியால் மேல்மண்ணைப் பொடியாகக் கொத்திவிடுவார். நான் பிண்ணாக்குப் பொடியைச் செடி அடியில் தூவி, மேலே தழை பரப்புவேன். மலையடிவாரக் காட்டுக்குள் தழை அறுக்க ஃபாரஸ்டு ஆள் விட மாட்டான். தரிசில் கொழிஞ்சி, கண்மாய்க் கரையில் ஆவாரை, விழுந்து கிடந்த பனையோலை என்று கிடைத்ததையெல்லாம் சுமந்தேன். பங்குனி நடுவில் ஒரு சூறைக்காற்று வந்து பாதித் தழையைப் பாதைக்குத் தள்ளிவிட்டது. பொறுக்கிவந்து போட்டு, மேலே மண்ணாங்கட்டி வைத்தோம். தழைக்குள் தேள் இருந்தது. இரண்டு தடவை கொட்டு வாங்கினேன். கறையான் இரண்டே பாத்தியில் தலைகாட்டியது, அதோடு சரி.

எட்டு நாளுக்கு ஒரு தண்ணீர் போதும் என்று ஆனது. பங்குனி கடைசியில் வெள்ளை வெள்ளையாகப் பூ வைத்தது. சித்திரை பிறந்து நாலைந்து நாளில் முதல் பிஞ்சைப் பார்த்தேன். அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். வந்து பார்த்தார், குனிந்து பிஞ்சைத் தொட்டார். மூட்டை ஆணியிலேயே தொங்கியது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் வருகிற வாய் இதற்கு மட்டும் வரவில்லை.

நான் கிணற்றுக்கு முதுகைக் காட்டி ஏறுகிறவள் அல்லவா, என் கண் எப்போதும் வண்டிப்பாதைமேல்தான் இருக்கும். அதனால் கங்காணியை முதலில் பார்த்தது நான்தான். சித்திரை பாதி, காலை வெயில் ஏறுகிற நேரம். தோளில் குடை, பின்னால் மூட்டையோடு ஐந்தாறு பேர். கட்டையை விட்டுவிட்டு ஓடிப்போய் வழிமறிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. விட்டால் கூனை கிழியும். ஒவ்வோர் எட்டாக வைத்து ஏறினேன்.

"ஏலே, கெளம்பு! சாத்தூருக்குப் பொழுதோட போவணும்" என்றான் கங்காணி.

"இந்தக் கூனை கொட்டட்டும் அண்ணாச்சி. செத்த இரிங்க" என்றார் என் வீட்டுக்காரர், மாட்டைச் சரிவில் இறக்கிக்கொண்டே.

கூனை கொட்டியது. குச்சியை உருவினார். நான் ஏறினேன், மாடு சுற்றி வந்தது. கங்காணி கிணற்றடிக்கு நெருங்கி வந்து நின்றான்.

"இன்னும் ஒரு கூனை. அந்தப் பாத்தி பாதியில நிக்கி" என்றார்.

அந்தப் பாத்தி நனைந்தது. அடுத்த பாத்தி பாதியில் நின்றது. கங்காணி வேப்பமர நிழலில் குடையை மடக்கி உட்கார்ந்தான். கூட வந்தவர்கள் தொட்டியில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஒருத்தன் தோட்டத்துக்குள் போய்த் தழையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து, "காய் புடிச்சிருக்குடே" என்று மற்றவனிடம் மெதுவாகச் சொன்னான். நான் கட்டையை இடுப்பில் கொடுத்து ஏறிக்கொண்டே எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பத்தொன்பதாவது கூனைக்கு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உச்சிப்பொழுதாயிற்று. கங்காணிக்குப் பொறுமை போய்விட்டது. "வரலேன்னா வரலேன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானடா!"

"வரலேன்னு நான் எங்க அண்ணாச்சி சொன்னேன்? வேல முடியலேன்னுல்லா சொல்லுதேன்."

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். தழையை விலக்கிப் பார்த்தவன் மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவன் போய்ச் சேர்ந்தானா, என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. அவன் முகம் மட்டும் நினைவிருக்கிறது. அவர்கள் பாதையில் மறைகிறவரைக்கும் நாங்கள் கமலையை நிறுத்தவில்லை. சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டு, இடுப்பு வலியில் அப்படியே படுத்துத் தூங்கிப்போனேன். கட்டை அழுத்தி அழுத்தி என் இடுப்பின் இரண்டு பக்கமும் கன்றிப்போய், புடவை பட்டாலே எரியும்.

விடிந்து கிணற்றடிக்குப் போனேன். அவர் ஏற்கெனவே மாட்டைப் பூட்டிக்கொண்டு நின்றார். வழக்கம்போலக் கட்டையை எடுத்தேன். கட்டை முழுக்க வெள்ளைத் துணி, மெத்தை மாதிரித் தடிமனாகச் சுற்றி, நுனியில் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. புதுத் துணி, கஞ்சி வாடைகூடப் போகவில்லை. கண்டிக்குக் கட்டிக்கொண்டு போக வைத்திருந்த வேட்டி.

"கட்டாத புது வேட்டியக் கிழிச்சிட்டியளே, கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா?" என்று கத்த ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் என் பக்கம் பார்க்காமல், "மாடு நிக்கிதுட்டி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையை இடுப்பில் கொடுத்தேன். வலிக்கவில்லை.